‘குளிர்நாட்டுச் செம்பருத்தி’ தொகுப்பின் பராமரிப்பு அட்டை குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஆறு குடும்பத்தார்,
ஜெலுத்தோங், பினாங்கு.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோலாலம்பூர்.

4 செப்டம்பர் 2025

ஐயா / அம்மையீர்,

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக உங்கள் ‘குளிர்நாட்டுச் செம்பருத்தி’ தொகுப்பில் ஆறு வாங்கினோம். ஒன்று 189 வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 1,134 வெள்ளி. நான்கு இங்கிலாந்தின் லெஸ்டருக்கும் இரண்டு மெல்பர்னுக்கும் போயின. செடிகள் அந்தந்த ஊர் நர்சரியிலிருந்து மொட்டும் பூவுமாகத்தான் வந்து சேர்ந்தன; அதில் குறை சொல்வதற்கில்லை. குறையெல்லாம் கூடவே வந்த தமிழ்ப் பராமரிப்பு அட்டையிலும், உரப் பொட்டலத்திலும், தொட்டியிலும்தான். லெஸ்டரில் மூன்று செடிகள் பட்டுப்போயின. பிழைத்த ஒன்று, அட்டையைப் பிரித்தே பார்க்காதவர் வீட்டில் இருப்பது.

முதலில் அட்டையின் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். ‘மைனஸ் 20 டிகிரி வரை தாங்கும், பனியிலும் வெளியே விடலாம்’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு படம். படத்தில் இருப்பது நம் செம்பருத்தியே அல்ல. கிளையில் ஓர் இலைகூட இல்லை. நுனியில் காய்ந்து வெடித்த விதைக்காய்கள் நிற்கின்றன. நம் வீட்டு வேலிச் செம்பருத்தி அப்படிக் கொத்துக் கொத்தாகக் காய்த்து யாராவது பார்த்திருக்கிறார்களா? அது ஹைபிஸ்கஸ் சிரியாக்கஸ். தென் கொரியாவின் தேசிய மலர் அதுதான். இலை மூன்று மடலாகப் பிளந்து, ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். குளிரில் எல்லா இலையையும் உதிர்த்துவிட்டு வசந்தத்தில் தாமதமாகத் துளிர்க்கும். நீங்கள் அனுப்பியதோ ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ், அதாவது 1960-இல் மலேசியா தேசிய மலராக ஏற்ற புங்கா ராயா. இலை பளபளப்பானது, முட்டை வடிவம், நுனி கூர்மை. உறைபனி என்றால் என்னவென்றே தெரியாத செடி. இரண்டும் ஒரே பேரினம் என்பதால் ஒன்றின் குளிர் தாங்கும் அளவை மற்றதற்கு எழுதியது, மாம்பழமும் முந்திரியும் ஒரே குடும்பம் என்று முந்திரிப் பருப்பைப் பிழிந்து ஜூஸ் போடச் சொன்னது போலிருக்கிறது.

இந்தத் தவறு இன்னொரு தவறையும் கூட்டி வந்திருக்கிறது. ‘இலை கொட்டினால் கவலை வேண்டாம், மே மாதம் துளிர்க்கும்’ என்று அதே பக்கத்தில் எழுதியிருப்பதால், ஜனவரியிலேயே செத்துப்போன குச்சிகளுக்கு மூன்று வீட்டிலும் மே வரை தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இரண்டாம் பக்கமோ, ‘வெப்பம் 0 டிகிரிக்கு வரும்போது உள்ளே எடுக்கவும்’ என்கிறது. அடுத்த பக்கத்தின் மைனஸ் 20 உங்களுக்கே நினைவில்லை போலும். 0 என்பதும் தவறுதான். இந்தச் செடிக்குக் கணக்கு 10 டிகிரி. இரவு அதற்குக் கீழே போகத் தொடங்கினாலே வேர் தண்ணீர் இழுப்பது குறைந்து இலை மஞ்சளாகும். இங்கிலாந்தில் பல இடங்களில் செப்டம்பர் இரண்டாம் பாதியிலேயே அந்த நிலை வந்துவிடும். தவிர, வானிலை அறிக்கை சொல்லும் 2, 3 டிகிரி தரைக்குச் சுமார் ஒன்றேகால் மீட்டர் உயரத்துக் காற்றின் வெப்பம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அறிக்கை 2 என்னும்போதே இலைமேல் உறைபனி படிந்திருக்கும். அப்போது திசுக்களின் இடைவெளியில் பனி கட்டி, செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சிவிடுகிறது. விடியும்போது இலை கரும்பச்சையாக, ஈரக் கண்ணாடி போல் இருக்கும். வெயில் பட்டதும் வெந்த கீரையாகத் துவளும். ஓரிரு நாளில் கறுத்துவிடும். லெஸ்டரிலிருந்து வந்த படங்களில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது. இணைத்திருக்கிறோம்.

குளிர்ப் பாதுகாப்புக்கென்று நீங்கள் கொடுத்தது பிளாஸ்டிக் பை. பிளாஸ்டிக்கின் உட்புறம் நீர்த்துளி கோத்து, இலையில் ஒட்டிய இடமெல்லாம் உறையும். இதற்கென்றே விற்கிற நெய்யாத வெள்ளைத் துணி இருக்கிறது. சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ள மெல்லிய ரகம்கூட ஒன்றிரண்டு டிகிரி குளிரைத் தடுக்கும். ஆனால் எந்தத் துணியும் சூடு உண்டாக்காது. தரையிலிருந்து எழும் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை, அதனால் அது தரை வரை மூடியிருக்க வேண்டும். தொட்டிச் செடிக்கு அந்தத் தரைச்சூடும் கிடையாது. நான்கு பக்கமும் குளிர் தாக்கி வேர்தான் முதலில் உறையும். மண்ணில் நிற்கும் செடிக்கும் தொட்டிச் செடிக்கும் ஒரே அறிவுரை எப்படிப் பொருந்தும்?

உள்ளே எடுத்த பிறகு செடியைக் கொல்வது தண்ணீர். ‘ஆண்டு முழுவதும் தினமும் ஒரு குவளை’ என்று எழுதியவர் பினாங்கு முற்றத்தை நினைத்து எழுதியிருக்கிறார். இங்கே எந்த மாதமும் பகல் சுமார் 12 மணி நேரம், இரவிலும் 24 டிகிரி. லெஸ்டரில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. 13 டிகிரி அறையில், அந்த வெளிச்சத்தில், செடி தண்ணீரே குடிப்பதில்லை. ஊற்றியதெல்லாம் தொட்டியிலேயே நின்று, வேரழுகல் பிடிக்கிறது. போதாக்குறைக்கு, உங்கள் பீங்கான் தொட்டிக்கு அடியில் துவாரமே இல்லை! வேர் அழுகிய செடி பார்ப்பதற்கு வாடிய செடி மாதிரியே தலை தொங்கும். பிள்ளைகள் என்ன செய்வார்கள், இன்னும் ஒரு குவளை ஊற்றுவார்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் தண்ணீரை நிறுத்து என்பதுதான் அட்டையில் தடித்த எழுத்தில் இருக்க வேண்டிய வரி.

உரத்துக்கு வருவோம். பொட்டலத்தில் 10-30-20 என்று இருக்கிறது. நடு எண் மணிச்சத்து (பாஸ்பரஸ்). செம்பருத்திக்கு அது கூடினால் இரும்பை எடுக்க முடியாமல், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலை வெளிறும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக, மணிச்சத்து குறைவாக இருக்க வேண்டும். அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் தக்காளி உரத்தைப் பாதி அளவாகக் கரைத்து, மே முதல் ஆகஸ்டு வரை வாரம் ஒருமுறை கொடுத்தாலே நன்றாகப் பூக்கும். மொட்டு உதிர்ந்தால் உரத்தை இரட்டிப்பாக்கச் சொல்லியிருப்பதையும் எடுத்துவிடுங்கள். இடம் மாற்றியது, வெளிச்சக் குறைவு, ஹீட்டர் பக்கத்து வறண்ட காற்று, ஒரு நாள் காய்ந்து மறுநாள் ஊறியது, மொட்டு கொட்டப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

மெல்பர்ன் கதை வேறு. அட்டையின் பின்பக்க நாட்காட்டி ‘அக்டோபரில் கவாத்து (கிளை வெட்டுதல்), டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வீட்டுக்குள், ஜூனில் வெளியே’ என்கிறது. ஆஸ்திரேலியாவில் டிசம்பர் கோடை. 40 டிகிரியைத் தொடும் நாளும் வருகிற, பூக்கிற பருவத்தில் செடியை அறைக்குள் பூட்டி, குளிர் தொடங்கும் ஜூனில் வெளியே தள்ளச் சொல்கிறீர்கள். ‘தெற்குப் பார்த்த சுவர் ஓரம்’ என்பதும் அங்கே தலைகீழ். தென்கோளத்தில் வெயில் விழுவது வடக்குப் பார்த்த சுவரில். அக்டோபர் கவாத்து மட்டும் அங்கே தவறுதலாகச் சரியாகிவிட்டது! லெஸ்டரிலோ அதே அக்டோபர் கவாத்து, வெளிச்சமில்லாத காலத்தில் வெளிறிய இளந்தளிரை வரவழைத்து, அசுவினிப் பூச்சிக்கு விருந்து வைத்தது. மெல்பர்ன் நகர்ப்பகுதியில் ஜூலை இரவு சராசரி 6, 7 டிகிரிதான் என்பதால் வடக்குச் சுவரோரம், நீர் தேங்காத மண்ணில் செடி வெளியிலேயே பிழைக்கும். அங்குள்ள இரண்டும் உயிரோடு இருப்பது அதனால்தான், அட்டையால் அல்ல.

புதிய அட்டைக்கு இங்கிலாந்துக்கான குறிப்பை நாங்களே தருகிறோம். 10 டிகிரி வரும் வரை காத்திருக்காமல், இரவு 12 டிகிரிக்கு இறங்கியதும் உள்ளே எடுக்க வேண்டும். அதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். சிலந்திப்பேனும் வெள்ளை ஈயும் அங்கேதான் ஒளிந்திருக்கும், வீட்டுச் சூட்டில் பெருகும். தெற்கு ஜன்னல் ஓரம், 13 முதல் 16 டிகிரி, ஹீட்டரிலிருந்து தள்ளி. விரலின் முதல் கணு வரை மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர், தட்டில் நிற்பதைக் கொட்டிவிட வேண்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உரம் கூடாது. கொஞ்சம் இலை கொட்டுவது இயல்பு. மார்ச்சில் வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம். பூ புதுக் கிளையில்தான் வரும் என்பதால் அந்த ஆண்டுப் பூ கொஞ்சம் தாமதமாகும். இரவு 10 டிகிரிக்கு மேல் நிலைத்த பின், மே கடைசியிலோ ஜூனிலோ வெளியே. முதலில் நிழலில் இரண்டு மணி நேரம், பத்துப் பதினான்கு நாளில் முழு வெயில். ஒரே நாளில் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். குட்டையாக இருக்க மருந்து கொடுத்து வளர்த்த தொட்டிச் செடி இரண்டாம் ஆண்டு நெடுநெடுவென வளர்வது நோயல்ல என்பதையும் சேருங்கள்.

நாங்கள் கேட்பது இது: லெஸ்டர் தொகுப்புகளில் பட்டுப்போன மூன்றுக்கும் 567 வெள்ளியைத் திருப்பித் தர வேண்டும். மெல்பர்ன் வீடுகளுக்குத் தென்கோளத்துக்கென்று தனி நாட்காட்டி அனுப்ப வேண்டும். இந்தத் தொகுப்பை வாங்கிய மற்ற எல்லோருக்கும், மூன்றாம் பக்கமும் ‘தினமும் ஒரு குவளை’ என்ற வரியும் தவறு என்று இந்த மாதம் 15-க்குள் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ சொல்ல வேண்டும். அக்டோபரில் சொல்லிப் பயனில்லை. அதற்குள் இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போயிருக்கும்.

14 நாளில் பதில் வராவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடுவோம். ரசீது நகல், அட்டையின் நான்கு பக்கங்கள், உரப் பொட்டலத்தின் லேபிள், செடிகளின் தேதியிட்ட படங்கள் ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆறு குடும்பத்தார்