நான் அடைத்த பலகையை அறுத்துவிடு

கரூர்
செப்டம்பர் 14

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். பயந்துவிடாதே, எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அவள் முழங்கால் வலிகூட இப்போது பரவாயில்லை. இது உன் காருக்குப் பின்னால் இழுத்துப் போக நாம் வீடு மாதிரி கட்டின டிரெய்லர் விஷயம். போனில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார், சொல்ல நா வரவில்லை. அதனால் எழுதி, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் சிநேகிதிக்கு டிரெய்லரைச் சுற்றிக் காட்டினாய் அல்லவா? சமையல் மேடைக்குக் கீழே நான் செய்த பெட்டியைத் தடவிக் காட்டி, "எங்கப்பா செஞ்சது, எங்கேயாவது ஒரு ஸ்க்ரூ தலை தெரியுதா பாரு" என்றாய். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பெட்டியின் இடதுபக்கப் பலகையை நீ அறுத்தாக வேண்டும் சாமி. டென்வரில் அக்டோபர் முதல் வாரமே உறைபனி விழும் என்று நீதானே சொன்னாய். அதற்குள் அறுத்துவிடு.

நடந்தது இதுதான். ஆகஸ்டில் நான் அங்கே இருந்தபோது ஒரு சனிக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் அந்த நீலக் குழாயை ஓட்டினீர்கள். பம்ப்பை வைத்தீர்கள், அதற்கு முன்னால் வடிகட்டி வைத்தீர்கள், தரையை ஒட்டித் தண்ணீரை வடிக்கிற வால்வும் வைத்தீர்கள். குளிர்காலத்தில் குழாய் உறையாமல் இருக்க ஊற்றுகிற மருந்தை உறிஞ்சுகிற சின்னக் குழாயும் அங்கேதான் தொங்குகிறது. செவ்வாய்க்கிழமை நீங்கள் ஆபீஸ் போன பிறகு நான் தனியாக உட்கார்ந்து பலகை பொருந்தி உட்காரக் காடி, அதாவது பள்ளம், எடுத்தேன். நாலு பக்கமும் மரப்பசை தடவி, இறுக்கி, சாயங்காலத்துக்குள் இழைத்து வழுவழுவென்று ஆக்கிவிட்டேன். நீ வந்து பார்த்து "ஐயோ, வீட்டு அலமாரி மாதிரியே இருக்குப்பா" என்றாய். பம்ப்பும் வால்வும் அதற்குப் பின்னால் போய்விட்டது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. பேட்டரி வேலையில் மூழ்கியிருந்த உங்களுக்கும் உறைக்கவில்லை.

இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. போன வாரம் நம் மொட்டைமாடி டேங்க் குழாயில் ஒழுக்கு. வந்த பிளம்பர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, முதல் கேள்வியே "கேட் வால்வு எங்கீங்க இருக்குது?" என்பதுதான். அவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். காட்டிவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். உன் வால்வுக்குக் கை போக வழியே இல்லை, குளிருக்கு முன்னால் தண்ணீரை எப்படி வடிப்பாய்?

அந்த நீலக் குழாய், பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் குழாய், கெட்டிக்காரக் குழாய்தான். நான் சின்ன வயதில் பார்த்தது சணல் சுற்றி முடுக்குகிற ஜி.ஐ. இரும்புக் குழாய், பிறகு பசை ஒட்டுகிற பி.வி.சி. இது கொடி மாதிரி வளைகிறது, செப்பு வளையம் போட்டு இடுக்கியால் ஒரு அழுத்து, முடிந்தது. முதலில் நம்பாமல் ஒவ்வொரு மூட்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் உறைந்து பருத்தால் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுத்துவிடும். மூட்டு கொடுக்காது. பம்ப்பின் தலையும் வடிகட்டியின் கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் கிண்ணமும் ஒரே ராத்திரியில் விரிசல் விடும். விட்டதுகூடத் தெரியாது. ஏப்ரலில் பம்ப்பைப் போட்டால் தண்ணீர் பெட்டிக்குள் பீய்ச்சி அடித்து, பலகைக்கு அடியில் இறங்கி, தரை ப்ளைவுட் ஊறி உப்பும்.

இந்தத் தப்பை நான் முதல் தடவை செய்யவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம். 1991-ல், நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், பட்டறையில் ஒரு டவுன் பஸ் பாடி. உள்பக்கம் டிரைவர் தலைக்கு மேலே தகட்டை மட்டமாக அடித்து, வரிசை பிசகாமல் ரிவெட் போட்டு முடித்தேன். மேஸ்திரி வந்து பார்த்தார். "ஃபியூஸ் பெட்டி எங்கடா?" அது தகட்டுக்குப் பின்னால் இருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. டிரில் மிஷினை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நாற்பது ரிவெட்டின் தலையையும் ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷம் எந்தப் பஸ்ஸிலும் கை போகாத இடத்தில் நான் எதையும் வைத்ததில்லை. உன் டிரெய்லரில் வைத்திருக்கிறேன்.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். பஸ் பாடி ஊரான் வண்டி. ஓடணும், ஒழுகக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. உன் பெட்டியை வீட்டுச் சாமான் மாதிரி செய்ய ஆசைப்பட்டேன். உனக்கு ஒரு பீரோகூட என் கையால் செய்து கொடுத்ததில்லை. கல்யாணத்துக்கு வாங்கியது கடைக் கட்டில்.

சரி, அழுது தீர்க்க எழுதவில்லை. வேறு சிலதும் சொல்ல வேண்டும், அதையும் எழுதிவிடுகிறேன்.

பேட்டரி இரண்டையும் மறுபடி பின்னால் கொண்டுபோய் வைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். வேண்டாம். லாரிகள் நிற்கிற அந்த எடை மேடையில் நாம் போட்டுப் பார்த்தது ஞாபகம் இருக்கும். டிரெய்லர் மொத்தம் 3,900 பவுண்டு, உன் வண்டியின் கொக்கியில் இறங்கியது 310 மட்டும். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் வால் ஆட்டம் போடும், பிறகு டிரெய்லர்தான் உன் காரை ஓட்டும். பேட்டரியை மூக்குக்குக் கொண்டுவந்தோம், 440 ஆனது. இதை மாப்பிள்ளைக்கு இங்கிலீஷில் சொல்ல எனக்கு வரவில்லை. நீ சொல். உன் தாத்தா மாட்டு வண்டியில் கரும்பு ஏற்றும்போது பின்பாரம் ஆனால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே தூக்கிக்கொள்ளும். முன்பாரம் அதிகமானால் மாடு முட்டி போடும். ஏற்றி முடித்ததும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார், இரண்டு கட்டுக் கரும்பை நகர்த்தச் சொல்வார். அவருக்கு எடை மேடை தெரியாது, சதவீதம் தெரியாது.

தண்ணீர் டேங்க் இருக்கிற இடம் சரி. 20 காலன் என்றால் கிட்டத்தட்ட 76 கிலோ, ஒரு ஆள் எடை. அந்த ஆள் அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறான், நிரம்பினாலும் காலியானாலும் கொக்கி எடை பெரிதாக மாறாது. கூடுதல் டேங்க் வாங்கினால் அதைப் பின்கதவு ஓரம் வைத்துவிடாதே.

மேல் அலமாரி இன்னும் பாக்கி. அதை நீயே செய்யப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். ரெடிமேட் சமையலறைப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று நீ காட்டியபோது நான் முகம் சுளித்தது கௌரவத்துக்காக இல்லை. அது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. எடையும் அதிகம், ஒரு தடவை நனைந்தால் அவல் மாதிரி ஊறும், குலுங்கக் குலுங்க ஸ்க்ரூ தன் ஓட்டையிலேயே லூஸாகும். அரை இஞ்ச் பிர்ச் மர ப்ளைவுட் போதும், முன்னால் ஒன்றரை இஞ்ச் சட்டம் கட்டு. சுவரில் மாட்டும்போது உள் ப்ளைவுட்டை மட்டும் நம்பி ஸ்க்ரூ போடாதே, அதற்குப் பின்னால் இருக்கிற இரும்புச் சட்டத்தில் இறங்க வேண்டும். உன் டிரெய்லருக்கு 16 இஞ்சுக்கு ஒன்று இருக்கிறது. ஃப்ரிட்ஜில் மீனாட்சியம்மன் கோபுரம் ஒட்டியிருக்குமே, அந்தக் காந்தத்தைச் சுவரில் நகர்த்திப் பார். சட்டம் வருகிற இடத்தில் மெல்ல இழுக்கும். நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். கோபுரத்தின் நுனி லேசாக உடைந்ததும் என்னால்தான், அம்மாவிடம் சொல்லாதே.

இழுப்பறைக்கு நான் போட்ட வெட்டை மேல் அலமாரிக் கதவுக்குப் போட முடியாது. இழுப்பறை பலகையின் அடியில் ஒரு பள்ளம், தூக்கி இழுத்தால்தான் வரும். அது வந்ததே அன்றைக்கு மலை வளைவில் அஞ்சறைப்பெட்டி தரையில் கவிழ்ந்து மஞ்சள்தூள் டிரெய்லர் பூராவும் பறந்த பிறகுதான். இன்னும் சக்கரத்துப் பெட்டியின் இடுக்கில் மஞ்சள் இருக்கும். மேல் கதவுக்கு, அழுத்தினால் பூட்டி மறுபடி அழுத்தினால் திறக்கிற தாழ்ப்பாள் வாங்கு. காந்தத் தாழ்ப்பாள் வேண்டவே வேண்டாம்.

காலையில் உள்தகட்டில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது என்றாய். அது ஒழுக்கு இல்லை. இரண்டு பேர் மூச்சு, சோறு வடித்த ஆவி, வெளியே குளிர்ந்த தகடு. கூரையில் அந்த 14 இஞ்ச் விசிறியை ராத்திரி மெதுவாக ஓடவிட்டு, ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வை. குளிருகிறது என்று இரண்டையும் மூடினால் மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்கும். கொசுவலை இரண்டு தைத்து வைத்திருக்கிறாள் அம்மா, ஜன்னல் அளவுக்கு. கரூர்க்காரர்கள் அமெரிக்காவில் கொசுவலை விலை கேட்டு நிற்பதா என்று அவளுக்கு ரோஷம். சக்கரம் கழற்றி மாட்டினால் ஐம்பது மைல் ஓடியதும் நிறுத்தி நட்டை மறுபடி முடுக்கிப் பார்.

இனி பலகை.

நெம்பாதே. பசை விடாது, ப்ளைவுட்தான் ஏடு ஏடாக உரியும். நாலு ஓரத்திலும் மூன்று விரல் விட்டு, மூலைமட்டம் வைத்துப் பென்சில் கோடு போடு. கீழே மட்டும் நாலு விரல் விடு. ஓரம் அப்படியே சட்டமாக நின்றுவிடும், நடுவில் திறப்பு வரும். ஜிக்சா எடுக்காதே, அதன் பிளேடு நீளம். பலகைக்கு இரண்டு இஞ்ச் பின்னால் குழாய் ஓடுகிறது, அதைத் தொட்டுவிடும். மாப்பிள்ளையிடம் அதிர்ந்து அறுக்கிற சின்ன மிஷின் இருக்கிறதே, அதுதான் சரி. பிளேடில் 12 மில்லிமீட்டரில் டேப் ஒட்டிக்கொள். டேப் பலகையைத் தொட்டதும் நிறுத்து, அதற்கு மேல் ஆழம் வேண்டாம். வலது ஓரத்தில் பம்ப் ஒயர் வருகிறது, அறுக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடு. மேல் கோட்டைக் கடைசியில் அறு. அப்போதுதான் பலகை உள்ளே விழாமல் கையில் வரும்.

திறந்ததும் பேட்டரியை மாட்டு. டேங்க்கைக் காலி செய்து, வடிகால் வால்வையும் சிங்க் குழாயையும் திறந்துவிட்டு, பம்ப்பை ஒரு நிமிஷம் ஓட்டு. பிறகு வால்வை மூடி, அந்தச் சின்னக் குழாயை ரோஸ் நிற மருந்து கேனுக்குள் விட்டு, சிங்க்கில் ரோஸாக வருகிறவரை ஓட்டு. சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாயிலும் ஒரு டம்ளர் ஊற்று, அங்கே தண்ணீர் நிற்கும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற பச்சை மருந்தைத் தொடவே கூடாது, அது விஷம். கேன் மேலே ஆர்.வி., அதாவது வீடு மாதிரி வண்டிக்கு, என்று எழுதியிருக்கும், படித்து வாங்கு.

திறப்புக்குக் கதவு போட வேறு பலகை தேடி அலையாதே. கட்டிலுக்கு அடியில், பாய்க்குப் பின்னால், பழைய துண்டில் சுற்றி ஒரு பலகை வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்கு வெட்டிய அதே ஷீட்டில் மிச்சம் வந்தது, உனக்குக் காய் வெட்டுகிற கட்டை செய்யலாம் என்று எடுத்து வைத்தேன். திறப்பை விடச் சுற்றிலும் அரை இஞ்ச் பெரிதாக வெட்டி, மேலே படிகிற மாதிரி கீல் போடு. மர ரேகை ஓரத்துச் சட்டத்தோடு சேர்ந்து ஓடும். பின்பக்கம் பென்சிலில் அம்புக்குறி போட்டு "மேல்" என்று எழுதியிருப்பேன். அந்தப் பக்கம் மேலே வரணும். ஸ்க்ரூ தலை தெரிந்தால் தெரியட்டும்.

வால்வைத் திறந்து தண்ணீர் வடிகிற போட்டோ ஒன்று அனுப்பு.

அப்பா