'வேலையாட்கள்' என்று எழுதாதீர்கள்: தமிழ்ப் பள்ளிச் சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சுற்றுலாக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். அடுத்த சனிக்கிழமை நான்காம் நிலைப் பிள்ளைகளை விர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் வெஸ்ட்ஓவர் என்ற பழைய புகையிலைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறீர்கள். பஸ் பேசுவது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது, இட்லி யார் வீட்டிலிருந்து சட்னி யார் வீட்டிலிருந்து என்று பட்டியல் போடுவது எல்லாம் எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். போன வருஷம் அந்தப் பாட்டைப் பட்டவள் நான். அந்த உரிமையில்தான் குறை சொல்ல வருகிறேன்.

பயணத்துக்கு முன்னால் பிள்ளைகள் நிரப்பி வர வேண்டும் என்று 'பண்ணையாரின் ஒரு நாள்' என்றொரு பயிற்சித்தாள் கொடுத்திருக்கிறீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தத் தோட்டத்தின் முதலாளியாக இருந்த வில்லியம் பேர்ட் எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தெந்த மொழிகள் படித்தார், காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேள்விகள். ஐந்து மணி, எபிரேயம், கிரேக்கம், பால். என் மகள் மளமளவென்று எழுதிக்கொண்டே போனாள். ஆறாவது கேள்வி, 'பேர்டுக்கு உதவியாக இருந்தவர்கள் யார்?' விடையின் முதல் எழுத்தை நீங்களே போட்டிருந்தீர்கள்: வே. 'வேலையாட்கள்' என்று எழுதி முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "அவங்களுக்கு எவ்வளவு சம்பளம்மா?"

உங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இந்தச் சொல் உங்களுடையதே இல்லை, பேர்டுடையது. அடிமைகளை அவர் 'என் ஆட்கள்' என்பார். 1739 முதல் 1741 வரையிலான அவருடைய நாட்குறிப்பைப் புரட்டினால், இரவில் 'என் ஆட்களோடு பேசினேன், பிரார்த்தனை செய்தேன்' என்று நாள் தவறாமல் வந்துகொண்டே இருக்கும். 1726இல் இங்கிலாந்தில் இருந்த ஒரு பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், பைபிளில் வரும் குலத்தலைவர்களைப் போலத் தனக்கும் ஆடுமாடுகளும் ஆண் அடிமைகளும் பெண் அடிமைகளும் இருக்கிறார்கள், அதனால் ஆண்டவனைத் தவிர யாரையும் அண்டிப் பிழைக்க வேண்டியதில்லை என்று பூரித்துப் போகிறார். காலையில் குடிக்கும் பாலைக்கூடத் தானே கறந்து அறியாத மனுஷர்!

சரி, நீங்கள் எடுத்துக்கொண்ட அதே ஒரு நாளுக்கு வருவோம். பேர்ட் தன் நாட்குறிப்பைச் சுருக்கெழுத்தில் யாரும் படிக்க முடியாதபடி எழுதி வைத்தார். அதைப் படித்துப் பெயர்த்து அச்சாக்க 1941 வரை ஆனது. 1709 பிப்ரவரி 8ஆம் தேதிப் பதிவு இப்படிப் போகிறது: ஐந்து மணிக்கு எழுந்தார். எபிரேயத்தில் ஓர் அதிகாரம், ஹோமரின் ஒடிசியில் 200 அடிகள். பால் குடித்தார். ஜெபம் செய்தார். ஜென்னிக்கும் யூஜீனுக்கும் சவுக்கடி. பிறகு தன் 'நடனத்தை' ஆடினார், அதாவது நம் தண்டால் பஸ்கி மாதிரி ஓர் உடற்பயிற்சி. காலையில் சட்டம் படித்தார், பிற்பகலில் இத்தாலியன். சாப்பாட்டுக்குக் கோழி, கடிக்க முடியாமல் இருந்ததாம். சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை. மறுபடி ஜெபம். நல்ல எண்ணம், நல்ல ஆரோக்கியம், நல்ல மனநிலை, எல்லாம் வல்ல இறைவனுக்கு நன்றி.

பாலும் எபிரேயமும் உங்கள் தாளில் இருக்கின்றன. ஜெபத்துக்கும் நடனத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. என்ன தப்புக்கு அடி என்று பேர்டும் எழுதவில்லை. கோழி எப்படி இருந்தது என்று எழுதியவருக்கு அது எழுதத் தோன்றவில்லை.

அந்த யூஜீன் வீட்டு வேலைக்கு வைத்திருந்த அடிமைப் பையன். படுக்கையில் சிறுநீர் கழித்ததற்காக அதே 1709 டிசம்பரில் அவனை அடித்தார்கள். மறுபடியும் அப்படியே நடந்தபோது, அரை லிட்டர் அளவு சிறுநீரை அவனைக் குடிக்க வைத்ததாகப் பேர்டே எழுதியிருக்கிறார். மறுவருஷம் ஜூலையில் பேர்டின் மனைவி லூசி, சின்ன ஜென்னிக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைக்கச் செய்தாள். தன் விருப்பத்துக்கு மாறாக அது நடந்தது என்று அதற்காகப் பேர்ட் மனைவியோடு சண்டை போட்டார். 1712இல் லூசி இடுக்கியால் ஜென்னியை அடித்துக்கொண்டிருந்தபோது பறித்து மீட்டதும் அவர்தான். ஒரு நாள் அடிக்கிறவர், ஒரு நாள் தடுக்கிறவர். அந்த வீட்டில் ஜென்னிக்குப் பொழுது எப்படி விடியும் என்பது இவர்கள் இருவரில் யாருக்கு என்ன மனநிலை என்பதைப் பொறுத்தது.

1710-11 குளிர்காலத்தில் தோட்டத்தில் நோய் பரவி அடிமைகள் பலர் செத்துப்போனார்கள். அவர்களுக்கு மருந்து கொடுத்ததும், அந்தக் கால வைத்தியப்படி ரத்தம் எடுத்ததும் பேர்டேதான். என் பாவங்களுக்காக இந்த ஏழைகள் துன்பப்படுகிறார்கள், கடவுள் என்னை மன்னிக்கட்டும் என்று எழுதினார். பொய்யாக எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எந்தப் பாவம் என்பதில் அவர் கணக்கு வேறு, என் கணக்கு வேறு.

வெளியே வயலில் நடந்தது இன்னொரு பொழுது. தை மாசிக் குளிரிலேயே புகையிலைக்கு நாற்றங்கால் போடுவார்கள். மே மாதம் மழை பெய்து மண் நெகிழ்ந்ததும் நாற்றைப் பிடுங்கி நட வேண்டும். பிறகு களை கொத்துவது, நுனி கிள்ளுவது, பக்கக் கொழுந்து ஒடிப்பது. இலை இலையாகப் புரட்டிப் புழு பொறுக்குவதற்குச் சிறு பிள்ளைகளையும் விடுவார்கள். கோடை முடிவில் அறுவடை, கொட்டகையில் தொங்கவிட்டுப் பாடம் பண்ணுவது, கடைசியில் பெரிய பெரிய பீப்பாய்களில் அழுத்தி அடைப்பது. ஒரு பீப்பாயில் ஏறக்குறைய 1,000 பவுண்டு. அது கப்பலேறி லண்டன் வியாபாரியிடம் போகும். திரும்பும் கப்பலில் துணியும் ஒயினும் புத்தகமும் வரும். பேர்டின் நூலகத்தில் 3,000க்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன என்று உங்கள் தாளில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்களே, அந்தப் புத்தகங்கள் எதை விற்று வாங்கியவை என்று ஒரு கேள்வி சேர்த்தால் தாள் நன்றாக இருக்கும்.

என் மகள் கேட்ட சம்பளத்துக்கும் பதில் உண்டு. 1773-74இல் விர்ஜீனியாவின் இன்னொரு தோட்டமான நொமினி ஹாலில், அதன் முதலாளி ராபர்ட் கார்ட்டரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த பிலிப் ஃபிதியன் என்ற இளைஞர் அதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆளுக்கு வாரத்துக்கு ஒரு பெக், அதாவது சுமார் 9 லிட்டர் மக்காச்சோளமும் ஒரு பவுண்டு இறைச்சியும். அவ்வளவுதான். இதே கார்ட்டரின் தாத்தா, 'ராஜா' கார்ட்டர் என்று ஊரே அழைத்தவர், 1727இல் தன் கண்காணிக்கு எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. கப்பலில் வந்து இறங்கியவர்களுக்குப் புதுப் பெயர் வைத்து, கூப்பிட்டால் திரும்புகிற வரைக்கும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கியதாக ஒன்றில் சொல்கிறார். இன்னொன்றில், அடங்க மறுத்த ஒருவருடைய கால்விரல்களை வெட்ட நீதிமன்ற உத்தரவு வாங்கச் சொல்கிறார். சட்டமும் அவர் பக்கம்தான் இருந்தது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று விர்ஜீனியா 1662இலேயே எழுதி வைத்துவிட்டது. தண்டிக்கும்போது அடிமை செத்துப்போனால் அது கொலைக்குற்றம் ஆகாது, தன் சொத்தைத் தானே வேண்டுமென்று எவன் அழிப்பான் என்றது 1669ஆம் ஆண்டுச் சட்டம்.

வேலையாள் என்றால் வேலையை விட்டுப் போகலாம். நம் ஊரில் கோபித்துக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறவனை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இதை நம் குழுவில் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொன்னபோது எனக்கு மூன்று பதில்கள் கிடைத்தன. அந்தக் காலம் அப்படி என்றார். ஆனால் அந்த நொமினி ஹால் கார்ட்டரே 1791இல் பத்திரம் பதிந்து 450க்கும் மேற்பட்ட அடிமைகளைப் படிப்படியாக விடுவித்தார். அக்கம்பக்கத்துத் தோட்ட முதலாளிகள் முகம் சுளித்தும் விடவில்லை. அடுத்து, இது நம் கதை இல்லையே என்றார். இந்த ஜேம்ஸ் ஆற்றங்கரையில் கப்பலில் கூட்டிவந்த ஆளுக்கு 50 ஏக்கர் என்று தலையை எண்ணி முதலாளிகள் அரசிடம் நிலம் வாங்கிய காலத்தில், 1635ஆம் ஆண்டு நிலப் பட்டயம் ஒன்றில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு தலை எண்ணப்பட்டிருக்கிறது. ஊர்ப்பெயர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. 50 ஏக்கர் இருக்கிறது.

மூன்றாவது பதில்தான் யோசிக்க வேண்டியது: 'அடிமை' என்றால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். என் மகளிடமே கேட்டுப் பார்த்தேன், அந்தச் சொல் தெரியுமா என்று. "தெரியுமே, நான் ஐபேடுக்கு அடிமைன்னு பாட்டி சொல்லுவாங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்த 'அடிமை' அவ்வளவுதான். அந்தச் சொல்லை அவளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கத்தானே ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டு நாம் பள்ளி நடத்துகிறோம்?

சிறுநீர் விவகாரத்தையும் சூட்டையும் பத்து வயதுப் பிள்ளைகளின் தாளில் போடச் சொல்லவில்லை. ஆறாவது கேள்விக்கு விடையை 'அடிமைகள்' என்று மாற்றுங்கள். யூஜீன், ஜென்னி இரண்டு பெயரும் தாளில் வரட்டும். 'காலையில் பேர்ட் பால் குடித்தார்' என்பதற்குக் கீழே, பால் கறந்தது யார், மேசைக்குக் கொண்டுவந்தது யார், பாத்திரம் கழுவியது யார் என்று மூன்று கோடு விடுங்கள். தலைப்பிலிருந்து 'பண்ணையார்' போனாலும் நல்லது. அந்தச் சொல்லைக் கேட்டால் பிள்ளைகளுக்குச் சினிமாவில் வரும் வெள்ளை வேட்டிதான் ஞாபகம் வருகிறது.

திருத்திய தாளை நானே தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். வியாழன் இரவுக்குள் சரி என்று சொன்னால் வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் அச்சடித்துவிடுவேன். நாற்பது பிரதி போதுமா, இல்லை உதவிக்கு வரும் பெற்றோருக்கும் சேர்த்து ஐம்பதாகப் போடட்டுமா?

அன்புடன்,
நான்காம் நிலை மாணவி ஒருத்தியின் அம்மா