தலைக்குச் சீட்டு, மூக்குக்கு ரசீது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு பதிப்பில் ஜப்பானின் அந்தக் காலப் போர்வீரர்களான சாமுராய்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் கொடுத்த குடும்பங்கள் உள்ள ஊரில் ஜப்பான் வாளுக்கு இத்தனை புகழா என்று என் மனைவி கேட்டது தனிக் கதை. எனக்கு உறுத்தியது வேறு. வீரம், மானம், விசுவாசம் எல்லாம் இருந்தது. சம்பளக் கணக்கைத்தான் காணோம். நான் 31 வருஷம் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக இருந்தவன்.

பெரிய சேவகனுக்கு நிலம், சின்னவனுக்கு அரிசி. இரண்டுக்கும் அளவு 'கோகு': சுமார் 180 லிட்டர் அரிசி, ஓர் ஆளின் ஒரு வருஷச் சாப்பாடு. அந்தச் சம்பளம் உயரவேண்டுமென்றால் போரில் எதிரியின் தலையோடு வரவேண்டும். தலையைக் கழுவி, முடி வாரி, பெயர்ச் சீட்டு கட்டி எஜமான் முன் வைப்பார்கள். செத்துக் கிடந்தவன் தலையைப் பொறுக்கி வந்து 'நான் வெட்டியது' என்றவர்கள் உண்டு. கூட்டாளி வெட்டியதைப் பிடுங்கி வந்தவர்களும் உண்டு. இரண்டு திருட்டுக்கும் அவர்கள் மொழியில் தனித்தனிப் பெயரே இருக்கிறது.

படித்ததும் ரப்பர் பாலை அளந்து வாங்கும் எங்கள் பால் ஸ்டோர்தான் ஞாபகம் வந்தது. வாளியில் பாலின் அடர்த்தி காட்டும் மெட்ரோலாக்கை மிதக்க விட்டதும் தண்ணீர் கலந்தவன் தலையைச் சொறிவான். கூலி பத்தாது, பாவம். சில நாள் நானும் பார்க்காத மாதிரி எழுதிக்கொள்வேன்.

1597-ல், அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் படை இரண்டாம் முறை கொரியா போனபோது தலைக்குப் பதில் மூக்கை அறுத்து, உப்பிட்டு அனுப்பினார்கள். எண்ணி வாங்கி ரசீதும் கொடுத்தார்கள். மூக்கு சிப்பாயுடையதா, குடியானவனுடையதா என்று எந்த ரசீது சொல்லும்? அவற்றைப் புதைத்த மேடு கியோட்டோவில் இன்றும் இருக்கிறது.

சரி, விசுவாசமே இல்லை என்று சொல்லவில்லை. 1575-ல் ஜப்பானில் நாகஷினோ கோட்டையை எதிரிப் பிரபு தகேதாவின் படை வளைத்தபோது, தோரி சுனேமோன் என்ற கீழ்நிலைச் சேவகன் இரவில் ஆற்றில் இறங்கித் தப்பி, ஒகசாகி ஊர் வரை போய்த் தன் தரப்பிடம் உதவி கேட்டான். திரும்பும்போது பிடிபட்டான். 'உதவி வராது என்று கோட்டையைப் பார்த்துக் கத்து, உயிர் மிஞ்சும்' என்றார்கள். அவனோ 'வருகிறது, பொறுத்திருங்கள்' என்று கத்தினான். கொன்றுவிட்டார்கள். உங்கள் கட்டுரையில் பிரபுக்களின் பெயர்தான் வரிக்கு வரி. அடுத்த ஞாயிறு இவனுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்களேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்