நீச்சல் நேரத்தை மட்டும் பார்த்து ஒப்புதல் தராதீர்கள்

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சோர்வு போக்கும் என்று சொல்லப்படும் மூலிகைச் சிரப் போன்ற சத்துப் பொருளைச் சுண்டெலிகளில் சோதிக்க அனுமதி கேட்கும் விண்ணப்பமான பி படிவம் வருகிறது. செய்முறையில் 'வாலில் எடை கட்டி நீந்தவிடுதல்' (எலி ஓய்ந்துபோகும்வரை எவ்வளவு நேரம் நீந்துகிறது என்று பார்ப்பது) என்று மட்டும் இருந்தால், தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதை. கடைசி வேளை மருந்து பெரும்பாலும் நீந்துவதற்கு அரை மணி முன்புதான் தரப்படுகிறது. சிரப்பில் சர்க்கரை இருந்து, ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் தண்ணீர் போனால், கூடுதல் நிமிடங்கள் சர்க்கரையின் வேலையாகவே இருக்கலாம். மூலிகையை மட்டும் நீக்கிய அதே சிரப்தான் ஒப்பீட்டுக் குழுவுக்கும் போக வேண்டும். காஃபின் இருந்தால் இன்னொரு சிக்கல்: எலி துறுதுறுப்பாகிவிடும், அது சோர்வு குறைந்ததற்குச் சான்றாகாது. நடமாட்டத்தைத் தனியே அளக்கச் சொல்லுங்கள்.

அளவுக் கணக்கையும் பாருங்கள். 60 கிலோ மனிதருக்கு 600 மி.கி. என்றால் கிலோவுக்கு 10 மி.கி. உடல் பரப்பளவுக் கணக்குப்படி சுண்டெலிக்கு அதை 12.3 ஆல் பெருக்க, கிலோவுக்கு 123 மி.கி. வரும். 25 கிராம் எலிக்கு 3 மி.கி. சொச்சம், அதை 0.25 மி.லி.யில் கலந்து உருண்டைமுனை ஊசியால் இரைப்பைக்குள் செலுத்தலாம். கலவை கூழாக இருந்தால் ஊசி அடைக்கும். ஊசி தடம் மாறி நுரையீரலுக்குள் ஒரு துளி போனாலும் அந்த எலி சீக்கிரம் மூழ்கும். பழி மருந்தின் மேல் விழும்.

வாலில் கட்டும் ஈயக் கம்பி உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 25 கிராமுக்கு 1.25 கிராம். சோதனை நாளின் எடைக்கே வெட்ட வேண்டும். நான்கு வாரத்துக்கு முந்தைய எடைக்கு வெட்டியது வளர்ந்த எலிக்கு இலேசாகிவிடும். தண்ணீர் 25 டிகிரி, வால் தரை தொடாத ஆழம். மிகவும் குளிர்ந்தால் உடல் வெப்பம் இறங்கியே எலி ஓய்ந்துவிடும். ஒரே தொட்டியில் இரண்டை விட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். மூக்கு தொடர்ந்து 7 விநாடி நீருக்குள் இருந்தால் உடனே தூக்கித் துடைத்து, விளக்கின் கதகதப்பில் வைக்க வேண்டும். கடிகாரம் பிடிப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது.

சோர்வின் அடையாளங்களான லாக்டேட், யூரியா, ஈரலில் சேமிக்கப்படும் சர்க்கரையான கிளைக்கோஜன் ஆகியவற்றை அளக்க வேறு எலிகள் தேவை. அவை எடையின்றி ஒரே அளவு நேரம் நீந்தட்டும். ஓய்ந்துபோகும்வரை நீந்தியவற்றை ஒப்பிட்டால், அதிக நேரம் நீந்திய குழுவில் கிளைக்கோஜன் குறைவாகத் தெரிந்து குழப்பும். ஈரலை எடுத்தவுடன் திரவ நைட்ரஜனில் போடாவிட்டால் அந்த எண்ணுக்கும் மதிப்பில்லை.

எலிகளின் எண்ணிக்கைக்கும் கணக்கு கேளுங்கள். நீச்சல் நேரம் எலிக்கு எலி வெகுவாக மாறும். 'குழுவுக்கு 10, வழக்கம்' என்பது பதிலாகாது.

இப்படிக்கு,
விலங்குக்கூட ஆய்வாளர்கள்