அம்மாவின் மாத்திரைப் பை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேலூரில் இருக்கும் என் அம்மாவுக்கு 74 வயது. போன மாசி மாதம் விடியற்காலை பாத்ரூமுக்கு எழுந்தவர் தடுமாறி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்தது. மதுரையில் சிகிச்சை பார்த்த டாக்டர், வீட்டிலிருக்கும் மாத்திரைகளை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். மஞ்சப்பையோடு கொட்டினேன். தூக்கத்துக்கு அல்பிரசோலம், சளிக்கு குளோர்பெனிரமின், சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு. எழுதியவர்கள் மூன்று பேர். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. முதல் இரண்டும் வயதானவர்களைத் தள்ளாட வைக்கும், மூன்றாவது சர்க்கரையை நெடுநேரம் தாழ்த்திவிடும் என்றார் மதுரை டாக்டர். முதியவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கென்றே அமெரிக்காவில் பீர்ஸ் பட்டியல் 1991லேயே வந்திருக்கிறது.

அல்பிரசோலம், சட்டப்படி கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 வகை மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது, கடையில் தனிப் பதிவேடும் வேண்டும். ஆனால் இரண்டு வருடப் பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிக் கொடுத்தது நான்தான். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனது ஆறவில்லை. அப்புறம், அந்தத் தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாதாம். டாக்டர் சொல்படி மெல்ல மெல்லக் குறைத்து வருகிறோம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் சகோதரிகள், முதியவர்களின் முழு மாத்திரைப் பையையும் பார்த்து, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்ல அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகி,
மேலூர், மதுரை மாவட்டம்