அந்த டியூபை மறுபடி வாங்கவிடாமல் தடுத்தவர்களுக்கு

புளியரையிலிருந்து எல்லை தாண்டிக் கேரளத்துப் புனலூருக்குக் காலை பஸ்ஸில் வருகிற எல்லோருக்கும், வெள்ளையாக்கும் கிரீம் பூசிப் பூசிப் போன சித்திரையில் என் முகம் இருந்த கோலம் தெரியும். அதனால் மறைத்து எழுதி ஒன்றும் ஆகப் போவதில்லை. இப்போது என் பழைய நிறம் வந்துவிட்டது, மூக்கோரம் இரண்டு தழும்பு மட்டும் மிச்சம். இதற்குக் காரணமானவர்களை வீடு வீடாகத் தேடிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்தான், ஜவுளிக்கடை வேலையில் லீவு கிடைப்பதில்லை, அதனால் இந்த மடல்.

ஒரு கல்யாணத்துக்கு முன்னால் பார்லரில் லேபிளே இல்லாத ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்து, மெடிக்கலில் இன்ன டியூபை வாங்கி இதோடு கலந்து ராத்திரி பூசு என்றார்கள். பத்தே நாளில் வெளுத்துவிட்டேன். சேலை செக்‌ஷனில் நிற்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? பார்க்கிறவர்களெல்லாம் என்ன பூசுகிறாய் என்று கேட்க, நானும் பெருமையாக மழுப்ப, இப்படியே இரண்டு வருஷம் போனது. அப்புறம்தான் அடுப்புப் பக்கம் நின்றாலே கன்னம் காந்த ஆரம்பித்தது, சிவப்பு நரம்பு தெரிந்தது, தாடையில் பூனைமுடி முளைத்தது. நான்கு நாள் பூசாமல் இருந்தால் முகம் மிளகாய் அரைத்துத் தேய்த்த மாதிரி எரியும், பூசினால் அடங்கிவிடும், அதனால் அதுதான் மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நன்றி செங்கோட்டை மெடிக்கல் கடை அண்ணனுக்கு. வழக்கமான கடையில் ஸ்டாக் இல்லாமல் உங்களிடம் வந்தேன், நீங்கள் தரவில்லை. டியூபின் ஓரத்துச் சிவப்புக் கோட்டைக் காட்டி, "இது கிளோபெட்டசால், ஸ்டீராய்டுலயே ரொம்ப வீரியமானது, சோரியாசிஸ் மாதிரித் தோல் நோய்க்கு டாக்டர் எழுதிக் குடுக்கிறது, முகத்துல பூசுற சாமானா இது?" என்று கேட்டீர்கள். 2018-லிருந்தே இந்த மாதிரி டியூப்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றும் சொன்னீர்கள். வியாபாரம் தெரியாத ஆள் என்று உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன் அண்ணே, மன்னிச்சிருங்க.

அடுத்து ஆரியங்காவில் பஸ் ஏறுகிற நர்ஸ் சேச்சி. ஒரே பஸ்ஸில் இரண்டு வருஷம் போய் வந்திருக்கிறோம், சிரிப்பதோடு சரி. அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல், "மோளே, எந்தா தேய்க்குந்நது?" என்று, மகளே என்ன பூசுகிறாய் என்று, கேட்டீர்கள். டப்பாவைப் பற்றிச் சொன்னதும் உங்கள் முகம் மாறியதே, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது. லேபிள் இல்லாத வெள்ளையாக்கும் கிரீமில் பாதரசம் இருக்கலாம், சட்டப்படி முகத்துக்குப் பூசும் கிரீமில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, இந்த டப்பாக்களில் பல மடங்கு இருக்கும் என்றீர்கள். இப்படிக் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதை 2023-இல் கோட்டக்கல் டாக்டர்கள் கண்டுபிடித்ததையும், அந்த வருஷமே கேரளத்தில் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று கடை கடையாகச் சோதனை போட்டதையும் தென்மலை வருவதற்குள் சொல்லி முடித்தீர்கள். சிறுநீரில் நுரை வருகிறதா, கால் வீங்குகிறதா என்று பஸ் என்றும் பார்க்காமல் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். டெஸ்டில் சிறுநீரில் புரதம் ஒழுகவில்லை என்று வந்த அன்று நீங்கள்தான் என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டீர்கள்.

நீங்கள் கூட்டிப்போன தோல் டாக்டர் அம்மாவுக்கும் நன்றி. நீளமாகச் சீட்டு எழுதுவார் என்று பணத்தை எண்ணிக்கொண்டு போனால், ஒரு மாத்திரை, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். ஸ்டீராய்டு ரத்தக் குழாயைச் சுருக்கி வைப்பதால்தான் முகம் வெளுப்பாகத் தெரிகிறது, உள்ளே தோல் மெலிந்துகொண்டே போகிறது, நிறுத்தினால் சுருங்கின குழாயெல்லாம் ஒரேயடியாக விரியும், சிவக்கும், எரியும், பரு வரும், பயந்து மறுபடி பூசினால் எல்லாம் முதலிலிருந்து. சில மாதம் பல்லைக் கடித்துக்கொள் என்றார்.

பல்லைக் கடித்தது நான் மட்டும் இல்லை, என் மைனியும்தான், அண்ணன் பொண்டாட்டி. ராத்திரி இரண்டு மணிக்கு எரிச்சலில் எழுந்து உட்கார்ந்தால், பழைய வேட்டித் துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். மூன்றாவது வாரம் தாங்க முடியாமல் செங்கோட்டை பஜாருக்குத் திருட்டுத்தனமாகப் போனேன். ஒரு கடை, இரண்டு கடை, மூன்றாவது கடையிலும் சிரித்துக்கொண்டே இல்லை என்கிறார்கள். மைனி முந்தின நாளே போய், இன்ன அடையாளத்தில் ஒருத்தி வருவாள், கொடுக்காதீர்கள் என்று எல்லாக் கடையிலும் சொல்லி வைத்திருக்கிறாள்! அன்றைக்கு அவளோடு பேசவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன் மைனி, நீ அதைச் செய்யாவிட்டால் நான் இன்னும் பூசிக்கொண்டுதான் இருப்பேன்.

ஆச்சியை என்ன சொல்ல. அவள் பிறந்தபோது எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது, 1956-இல்தான் இந்தப் பக்கம் வந்தது, அதனால் இரண்டு பக்கத்துக் கைவைத்தியமும் அவளுக்கு அத்துப்படி. எலுமிச்சை, மஞ்சள், வெளிச்செண்ணெய் (தேங்காய் எண்ணெய்) என்று ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தாள். டாக்டர் எதையும் பூசக் கூடாது என்று சொன்னதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் வாசலில் வேப்பிலை தொங்குகிறது. "எம் பேத்திக்கு அம்மை போட்டிருக்கு" என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள். பத்து நாள் ஒரு சொந்தக்காரர்கூட எட்டிப் பார்த்து, "ஐயோ மூஞ்சிக்கு என்னாச்சு" என்று கேட்கவில்லை. ஆச்சி, பொய் சொன்னதற்கு மாரியம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கடையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் கஸ்டமர் கண்ணில் படாமல் இரு என்று சொன்னவர்களும் உண்டு, அதை விடுங்கள். அயர்ன் பாக்ஸ் பக்கம் என்னை நிற்கவிடாமல் தன் பில்லிங் இடத்தைத் தந்துவிட்டு அந்தச் சூட்டில் நின்ற, கூட வேலை பார்க்கிற அனியத்திக்கு (தங்கச்சி மாதிரி எனக்கு) ஒரு சேலை கடன்பட்டிருக்கிறேன், ஓணத்துக்குள் தந்துவிடுவேன்.

சேச்சி, ஒரு விஷயம். எங்கள் கடையில் இரண்டு பெண்கள் பையில் அதே டியூபை வைத்திருக்கிறார்கள், உங்களிடம் பேசப் பேசிப் பேசி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். ஒருத்தி செங்கோட்டைக்காரி, திங்கட்கிழமை நம் பஸ்ஸில்தான் வருகிறாள். ஆரியங்காவில் நீங்கள் ஏறும்போது அவள் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருப்பேன்.