பழைய வேலையின் ஓய்வுக்காலப் பணத்தை எடுக்காதே

அன்பு மகளுக்கு,

வேலை மாறும்போது பழைய நிறுவனத்தில் சேர்ந்த ஓய்வுக்காலப் பணத்தை எடுத்துக் கடனை அடைத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். எடுக்காதே கண்ணு. விதி இடம் கொடுத்தால் புதுக் கணக்குக்கு மாற்று. இல்லையென்றால் அங்கேயே விட்டுவை. பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் 30 வயதில் அதிலிருக்கும் ஒவ்வொரு 100-ம், ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால், 60 வயதில் ஆயிரமாகிவிடும். கடனை மாதச் சம்பளத்திலிருந்து அடை. வட்டி அதிகமான கடன் முதலில் போகட்டும்.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதற்கு உன் செலவுக் கணக்கிலிருந்து தொடங்கு. ஓய்வில் இருக்காத செலவுகளை அடித்துவிடு: அலுவலகப் பயணம், வீட்டுக் கடன் தவணை. மருத்துவத்துக்குக் கூட்டிப் போடு. வருவது ஓராண்டுச் செலவு. பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள், விலைவாசியை மறந்துவிடுகிறார்கள். 72-ஐ விலையேற்ற சதவீதத்தால் வகுத்தால், செலவு எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்று தெரியும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு. 30 ஆண்டில் இன்றைய 100 செலவு 574 ஆகிவிடும். அப்படி ஏறிய ஓராண்டுச் செலவைத்தான் 25-ஆல் பெருக்க வேண்டும். ஓய்வூதியம் வருமென்றால் அதைக் கழித்துவிட்டுப் பெருக்கு.

இந்த 25, அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் போட்ட கணக்கிலிருந்து வந்தது (100-ஐ 4-ஆல் வகுத்தால் 25): முதலாண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 ஆண்டு தாங்கும். அது அமெரிக்கச் சந்தையை வைத்துப் போட்டது. 50 வயதிலேயே ஓய்வு என்றால் 25 மடங்கு போதாது.

எனக்குப் பெரிய கவலை ஓய்வின் முதல் சில ஆண்டுகள்தான். 100 இருக்கும்போது 4 எடுக்கிறாய். அதே ஆண்டு, மிச்சப் பணமிருக்கும் பங்குச் சந்தை 30 சதவீதம் விழுகிறது. மிச்சம் 67. பழைய இடத்துக்கு வர 49 சதவீதம் ஏற வேண்டும், அதுவும் நீ மேலும் எதையும் எடுக்காமலிருந்தால். ஆனால் சாப்பாட்டுக்கு எடுத்துத்தானே ஆக வேண்டும்! அதனால் ஓய்வு நெருங்கும்போது இரண்டு மூன்று ஆண்டுச் செலவை வங்கி நிரந்தர வைப்புக்கு (FD) மாற்றிவிடு. சந்தை விழுந்த ஆண்டில் அதிலிருந்து மட்டும் எடு.

மியூச்சுவல் ஃபண்ட் வாங்கும்போது அதை நடத்துபவர்கள் பிடிக்கும் கட்டணத்தைப் பார். ஆண்டுக்கு 1 சதவீதம் அற்பமாகத் தெரியும். 8 சதவீத வளர்ச்சி 7 ஆனால், போட்ட 100-க்கு 30 ஆண்டில் 1,006 வர வேண்டிய இடத்தில் 761தான் வரும்.

சம்பளம் கூடும் மாதமே, கூடியதில் பாதியைத் தானாகப் பிடிக்கும்படி மாற்றிவிடு. கைக்கு வந்து பழகிவிட்டால் பிறகு மனம் வராது. ஆறு மாதச் செலவைத் தனியே வைத்துக்கொள், அவசரத்துக்கு ஓய்வுக்காலப் பணத்தில் கை வைக்காமலிருக்க.

பழைய கணக்கில் நாமினி யார் என்று பார்த்தாயா? கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்தது அப்படியே இருக்கும். பெயர், பிறந்த தேதி இரண்டும் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே இருக்கின்றனவா என்றும் சரிபார். எழுத்து மாறியிருந்தாலே மாற்றும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். வேலையை விடுவதற்குள் திருத்திவிடு. அப்புறம் பழைய நிறுவனத்தில் கையெழுத்து வாங்க அலைய வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அப்பா